நாய்ப்பங்கு

முயல் வேட்டையில் நாய்க்கும் ஒரு பங்கு உண்டு. சுருவில் கரையில் இது எழுதாத சட்டம். வலை கொண்டுவந்தவனுக்கு வலைக்கென்று ஒரு பங்கு, பற்றைக்குள் இறங்கிச் சத்தம் போட்டு முயலைக் கலைப்பவனுக்கு ஒரு பங்கு, நாய் கொண்டுவந்தவனுக்கு நாயின் பெயரில் ஒரு பங்கு. நாயின் பெயரில் என்றவுடன் நாய் தின்னும் என்று நினைத்துவிடாதீர்கள். குடலும் எலும்பும்தான் நாய்க்கு. பங்கு நாய்க்காரன் வீட்டுக் குசினிக்குப் போகும். நாய் வாய் திறந்து கேட்காது என்ற துணிவில் மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு இது.

நான் வேலணை ஆள். முயல் தின்பதில்லை. மீனும் செவ்வாய், வெள்ளி பார்த்துத்தான். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பங்கும் கிடையாது, என் பேச்சை நம்பலாம். குலசிங்கத்தாரை எனக்கு நெடுங்காலமாகத் தெரியும். நாற்று வாங்கப் போய்வந்த பழக்கம். அவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று அவரிடமே கேட்டால், "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்வார். அதையும் இரண்டாம் முறை கேட்டால்தான் சொல்வார்.

அவர் பிறந்தது சரவணையில். தகப்பன் அம்பலவாணர் புகையிலையும் வெங்காயமும் செய்த தோட்டக்காரர், கோயில் உபயம் தவறாதவர். அந்த நாளில் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்ப்பதற்குக் கரையில் ஒதுங்கும் சாதாளை என்ற கடற்புல்லை வண்டிலில் ஏற்றி வருவார்கள். இளந்தாரி குலசிங்கம்தான் சுருவில் கரைக்கு வண்டில் கொண்டுபோவார். போன இடத்தில் கடற்றொழில் செய்யும் வேதக்காரக் குடும்பத்துப் பெண் மேரிஜோசப்பினைக் கண்டார். பிறகு வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. சாதாளை ஏற்றப் போன வண்டில் திரும்பி வந்தது, குலசிங்கம் வரவில்லை என்று சரவணையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அம்பலவாணர் சிரிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய், உண்மையாகவே தலை முழுகிவிட்டு வந்து சாப்பாட்டுக்கு இருந்தாராம். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன கறி என்பதுவரை ஊர் சொல்லும்.

கரைக்கு வந்த மாப்பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப்போனார்கள். படகு ஆழத்துக்குப் போகமுன்னரே மனுசன் குடல் வெளியே வரும்போல் சத்தி எடுத்தார். கொஞ்ச நாள் பழகினால் சரிவரும் என்று திரும்பத் திரும்பக் கொண்டுபோனார்கள். சரிவரவில்லை. கடைசியில் வளவுக்குள்ளேயே மணலைக் கொத்தி, எரு போட்டு, மிளகாயும் கத்தரியும் வைத்தார். ஆடு வளர்த்தார். கரையில் ஆண்கள் கூடினால் காற்றும் வலையும் பட்ட மீனும்தான் கதை. அதில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

ஞானஸ்நானம் எடுக்கும்படி வேதக்கோயில் சுவாமி எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். இவர் மாட்டேன் என்று சொல்லவில்லை, எடுக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியுமட்டும் வெளியே வேப்பமரத்தின் கீழ் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். உள்ளே பாடுகிற பாட்டெல்லாம் அவருக்குப் பாடம். தவக்காலத்தில் மனைவியோடு சேர்ந்து இறைச்சி தொடாமல் இருப்பார். ஆனாலும் கரையில் அவருக்குப் பெயர் "சரவணையார்". சரவணையில் யாராவது அவரைப் பற்றிப் பேசினால் "சுருவிலில இருக்கிறவர்" என்பார்கள். ஆளை எங்கள் பக்கத்தில் ஊர் வைத்துத்தான் கூப்பிடுகிற வழக்கம். இவருக்கு மட்டும் இரண்டு பக்கமும் மற்ற ஊரை ஒட்டிவிட்டார்கள்.

பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவர்கள் இரண்டு பேரும் வெளியில் சொன்னதே இல்லை.

அவரை ஒரு மனிதராகக் கரையில் நிறுத்தியது முயல் வேட்டைதான். சுருவில் கரைக்கும் சரவணைத் தோட்டங்களுக்கும் நடுவில் கொக்குப்பிட்டி என்று ஒரு பற்றைக்காடு. தாழையும் ஈஞ்சும் வடலியும் மண்டிய அரச காணி. மேரிஜோசப்பினுடைய தமையன் யாக்கோப்பு அங்கே வேட்டைக்குப் போகிற ஆட்களுக்குத் தலைவர் மாதிரி. தங்கச்சி ஒருநாள் வந்து, "அண்ணை, இந்த மனுசன் இப்பிடி ஆரோடையும் கதைக்காமல் இருந்தால் விசர் பிடிச்சுப்போம்" என்று அழுததில், யாக்கோப்பு மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்குத்தான் கரைக்காரர் குலசிங்கத்தின் குரலைக் கேட்டார்கள். சின்ன வயதில் தோட்டத்தில் கிளியும் மாடும் கலைத்து வளர்ந்த தொண்டை அது. கிழக்குப் பக்கம், சரவணை வரம்போடு நின்று "ஓ... ஹோய்!" என்று அவர் ஒன்று விட்டால், பற்றைக்குள் பதுங்கியிருக்கிற முயல் நேரே மேற்கே ஓடி வலையில் விழும். அந்தப் பக்கம் யார் நிற்பது என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. கிழக்கு என்றால் சரவணையார்தான். வேட்டை முடிந்து பங்கு போடும்போது எல்லாரோடும் மணலில் குந்தியிருந்து அவரும் சிரிப்பார், பகிடி விடுவார். இதை நான் நேரில் கண்டிருக்காவிட்டால் நம்பியிருக்கமாட்டேன்.

நாயும் கொண்டுபோவதால் அவருக்கு இரண்டு பங்கு வரும். மேரிஜோசப்பின் மிளகு தூக்கலாகப் போட்டுக் காய்ச்சுவார். "ஒரு பங்கு உங்களுக்கு, ஒரு பங்கு நாய்க்கு. அப்ப எனக்கென்ன?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாராம். "சட்டி உன்ரதானே" என்பாராம் இவர். அந்த வீட்டின் பெரிய பகிடி அதுதான்.

தொண்ணூறில் சண்டை வந்து எல்லாரும் தீவைவிட்டு ஓடினோம், பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தோம். வந்து பார்த்தால் கொக்குப்பிட்டியில் பாதியை நேவி கம்பி போட்டு எடுத்து வைத்திருந்தது. மற்றப் பாதியில், பயந்து பயந்து, வேட்டை தொடர்ந்தது. அதையெல்லாம் தாண்டி வந்த மேரிஜோசப்பின், நாலு வருடத்துக்கு முன் ஒரு காலையில் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்றார். யாழ்ப்பாணம் கொண்டு போகிற வழியில், பண்ணைப் பாலம் தாண்டமுன் முடிந்துவிட்டது. கோயில் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லை. சரவணை வரம்பில் பிறந்து கிடந்த நாய்க்குட்டி ஒன்றை அவர் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு வந்து மணியன் என்று பெயர் வைத்தார். மற்றபடி ஆடு, கோழி, மிளகாய்க் கன்று. வேட்டைக்கு இன்ன நாள் என்று யாக்கோப்பு சொல்லிவிட்டால் அந்த வாரம் முழுக்க மனுசன் ஒரு மாதிரி உசாராக இருப்பார். கம்பு சீவி வைப்பார். தலைமயிர் வெட்டுவார். வேட்டைக்குப் போகிறாரா, கலியாணத்துக்குப் போகிறாரா என்று நான் கேட்டிருக்கிறேன். அவருக்கு மனிதர்களோடு சேர்ந்து நிற்பதற்கு மிஞ்சியிருந்தது அந்த நாட்கள்தான். இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பிறகு நேவி கம்பியைக் கழற்றியது. நல்லது என்று மூச்சு விடுவதற்குள், பூநாரை வந்து தங்குகிற இடம் என்று வனசீவராசிகள் திணைக்களம் மும்மொழியில் ஒரு பலகை நட்டது. ஒதுக்கப்பட்ட அரச காணி, உட்புகத் தடை. நேவி போனால் கொக்கு வரும் என்று யார் கண்டது!

கரைக்காரர் கொதித்தார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் கொக்குப்பிட்டியில் வேட்டை நடக்கிறது, துவக்கு இல்லை, கண்ணி இல்லை, வலையும் நாயும்தான், கொக்குக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டார்கள். திணைக்களமும் முழுக்க மறுக்கவில்லை. பரம்பரை வழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் வருடத்தில் ஓரிரு நாள் விடலாம் என்று யோசித்தது. அந்த "மட்டும்" என்ற சொல்தான் சரவணைக்காரருக்குச் சுட்டது. பற்றையில் பெருகுகிற முயல் எங்கள் தோட்டத்துக் கன்றைத் தின்கிறது, காணி எங்கள் வரம்போடு கிடக்கிறது, அரச காணி என்றால் எல்லாருக்கும் பொது, ஒரு பகுதியாருக்கு மட்டும் தனிச்சட்டமா என்று அவர்கள் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. திணைக்களம் கையை விரித்தது. எல்லாருக்கும் விட்டால் பற்றையில் மிஞ்சுவது பலகை மட்டும்தான், ஒன்றில் வழக்கம் உள்ளவர்களுக்கு விடுவோம், இல்லாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. இரண்டு பக்கமும் வேலணைக்கு வாருங்கள், விசாரித்து முடிவு சொல்கிறோம் என்றது.

விசாரணைக்குச் சில நாள் முந்தி, குலசிங்கத்தாரின் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவன் வசீகரன். அவருடைய தமையனின் மகன், கந்தோர் உத்தியோகம், சரவணைப் பக்கத்துக்குப் பேசுகிற ஆள். கையில் ஒரு சீப்பு கதலி வாழைப்பழம். இவரைத் தெருவில் கண்டால் தலையை மற்றப் பக்கம் திருப்புகிற பிள்ளை, அன்றைக்கு, "சித்தப்பா, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டான்.

சித்தப்பா என்று அவரை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. மனுசன் கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வைக்கப் போய்ச் சீனியை எங்கே வைத்தேன் என்று தேடினார்.

"நீங்கள் எங்கட ஆள் சித்தப்பா," என்றான் வசீகரன். "சரவணையில பிறந்த நீங்கள் இவ்வளவு காலமும் கொக்குப்பிட்டிக்கு வேட்டைக்குப் போனனீங்கள்தானே? சரவணை ஆக்களும் போறவை எண்டு ஒரு சொல் சொன்னால் காணும். எங்களுக்கும் உரிமை வந்திடும், உங்களுக்கும் பிரச்சினை இல்லை."

"ம்."

"அப்பப்பாவின்ர திவசம் வருகுது. இந்த முறை நீங்கள் கட்டாயம் வரவேணும். அப்பா சொல்லிவிட்டவர்."

அவன் போனபிறகு வெகுநேரம் அவர் அந்த வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுகின வீட்டிலிருந்து அழைப்பு. அழைப்பு எதற்காக என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஆசையாக இருந்தது. இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த நாள் யாக்கோப்பு வந்தார். அவருக்கு வசீகரன் வந்துபோன செய்தி அதற்குள் எட்டியிருந்தது. கரையில் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒன்று வீணாகப் போவதில்லை.

"மச்சான், நீ அங்க வந்து ஒரு கதை சொல்லவேணும்," என்றார். "வேட்டை எங்கட வழக்கம் எண்டு நாங்கள் ஆயிரம் சொன்னாலும் எங்கட வாய்க்கு எங்கட சாட்சிதான். எடுபடாது. நீ சரவணையில பிறந்தவன். சரவணை ஆக்கள் ஒருநாளும் வேட்டைக்குப் போகேல்லை எண்டு நீ சொன்னால் அவையால மறுக்க ஏலாது."

"நான் சொன்னால் அவங்களுக்கு இல்லாமல் போயிடும்."

"நீ சொல்லாட்டி எல்லாருக்கும் இல்லாமல் போயிடும். அதோட, உள்ளதைத்தானே சொல்லச் சொல்லுறன்? பொய்யோ?"

பொய் இல்லை. சரவணைக்காரர் முயல் இறைச்சியைப் பின்வளவு வேலிக்கு மேலால் வாங்கித் தின்றிருப்பார்கள், வேட்டைக்கு இறங்கியதில்லை.

யாக்கோப்பு எழும்பும்போது மைத்துனரின் தோளில் தட்டினார். "இதைச் சொல்லிப்போட்டு வா. அதுக்குப் பிறகு கரையில உன்னை ஆராவது சரவணையார் எண்டு கூப்பிடட்டும் பாப்பம். ஜோசப்பின் இருந்தால் அவளும் இதைத்தான் கேப்பாள்."

அந்தக் கடைசிச் சொல்லை யாக்கோப்பு யோசித்துச் சொன்னாரோ, வாயில் வந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதோடு குலசிங்கத்தார் முடிவு எடுத்துவிட்டார். வாழைப்பழம் தொங்கின இடத்தில் தொங்கிக் கறுத்தது. ஆட்டுக்குப் போட்டார்.

விசாரணை நடந்த அன்று நான் வேறு அலுவலாக வேலணைப் பிரதேச செயலகத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் காற்றாடிக்குக் கீழே ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. எனக்கு என்ன, இருந்துவிட்டேன். ஒரு பக்கம் கரை, மறுபக்கம் சரவணை. திணைக்களத்தில் இருந்து வந்தவர் பிரியதர்சினி என்று ஓர் இளம் அதிகாரி, வவுனியாப் பக்கத்துப் பிள்ளை. குரலை உயர்த்தாமல் எல்லாரையும் பேசவிட்டார்.

வசீகரன் நன்றாகவே பேசினான். "மிஸ், ஒரே அரசாங்கம், ஒரே காணி. இன்ன கோயிலுக்குப் போறவன் உள்ள போகலாம், மற்றவன் வெளியில நிக்கவேணும் எண்டால் அது என்ன சட்டம்?" என்றான். யாக்கோப்பு எழும்பி, "கோயிலைப் பற்றி ஆர் கதைச்சது? உங்கட பலகை வாறதுக்கு முதலே போனவை நாங்கள். அதைத்தான் கேக்கிறம்," என்றார். சத்தம் கூடியது. இரண்டு பக்கமும் எழும்பி நின்றது. கடைசியில் அதிகாரி, வேறு யாருக்காவது சொல்ல இருக்கிறதா என்று கேட்க, கரைப் பக்கத்துக் கடைசி வரிசையில் இருந்து குலசிங்கத்தார் எழும்பினார். வெள்ளைச் சேட்டு, வேட்டி. தலைமயிர் வெட்டியிருந்தார்.

"உங்கட பேர் ஐயா?"

"அம்பலவாணர் குலசிங்கம்."

"எந்த ஊர்?"

"பிறந்தது சரவணை."

வசீகரன் நிமிர்ந்து இருந்தான். பக்கத்தில் இருந்தவனின் காதுக்குள் என்னவோ சொன்னான்.

"சரவணை ஆக்கள் கொக்குப்பிட்டியில வேட்டைக்குப் போறவையோ?" என்று அதிகாரி கேட்டார்.

மனுசன் முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "இல்லை," என்றார். "எங்கட ஆக்கள் தோட்டத்துக்குள்ள முயலைக் கண்டால் கலைப்பினம். வலை கட்டினதில்லை. அப்பா போகேல்லை, அப்புவும் போகேல்லை. வேட்டை எண்டால் என்னெண்டு நான் அறிஞ்சது சுருவிலுக்கு வந்த பிறகுதான். அது கரை ஆக்களின்ர வழக்கம். அவையின்ர உரிமை."

"தின்னேக்க மட்டும் தெரியுமோ?" என்று கரைப் பக்கத்தில் யாரோ குரல் கொடுக்க, மண்டபமே சிரித்தது. சரவணைப் பக்கத்திலும் இரண்டொருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வசீகரன் சிரிக்கவில்லை. "இவருக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை," என்றான். அவ்வளவோடு சித்தப்பா முடிந்தது.

அதிகாரி முடிவைச் சொன்னார். சரவணையில் பிறந்த ஒருவரே இப்படிச் சொல்வதால் அதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இல்லை. பரம்பரையாக வேட்டையாடிவந்த கரையோரக் குடும்பங்களில் பிறந்தவர்கள் மட்டும், உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாளும் கோயில் பெருநாளுக்கு முந்தின வாரத்தில் ஒரு நாளும், காவலாளியின் முன்னிலையில் உள்ளே போகலாம். வேறு ஒருவர் உள்ளே காணப்பட்டாலும் அனுமதி ரத்து.

கரைப்பக்கம் கைதட்டியது. யாக்கோப்புக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நான் கண்டேன். மெல்ல எழும்பினார்.

"மிஸ், ஒரு சின்ன விஷயம். இவர் குலசிங்கம் எங்களோட வாறவர். எவ்வளவோ காலமா."

"உங்கட உறவோ?"

"தங்கச்சியின்ர மனுசன்."

"தங்கச்சி எங்க?"

"செத்துப்போனா."

"பிள்ளையள்?"

யாக்கோப்பு இல்லையென்று தலையை ஆட்டினார். அதிகாரி குலசிங்கத்தாரைப் பார்த்தார். இரக்கமாகத்தான் பார்த்தார். அதற்குள் வசீகரன் எழும்பிவிட்டான். "சரவணை எண்டு அவரே இப்ப சொன்னவர். அவர் போகலாம் எண்டால் நாங்களும் போகலாம். ஒண்டில் ஆளை வெளியில விடுங்கோ, இல்லாட்டி எங்களையும் உள்ள விடுங்கோ."

"எனக்கு விளங்குது ஐயா," என்றார் அதிகாரி யாக்கோப்பிடம். "ஆனால் ஒருத்தரை விட்டால் இந்தக் கதை திரும்ப முதலில இருந்து தொடங்கும். பிறகு நான் ஒருத்தருக்கும் குடுக்க ஏலாது."

யாக்கோப்பு நின்றார். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு அவர் இருந்துவிட்டார். அவர் இருக்கும்போது கதிரை கிறீச்சிட்டது. மண்டபத்தில் அதற்கு முன் எவ்வளவோ சத்தம் நடந்தும் எனக்குக் காதில் நிற்பது அந்தச் சத்தம்தான். குலசிங்கத்தார் இன்னும் எழும்பி நின்றபடிதான் இருந்தார். சொல்லவேண்டியது முடிந்துவிட்டது, இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கரைக்காரர் வந்த வான் வண்டியில் அவருக்கு இடம் இருந்தது. "நான் பஸ்ஸில வாறன்" என்று சொல்லிவிட்டார். அதே பஸ்ஸில்தான் சரவணை ஆட்களும் ஏறினார்கள். இவருக்குப் பக்கத்துச் சீற் வெறுமையாகவே போனது. சரவணையில் எல்லாரும் இறங்கினார்கள். யன்னலால் அவர்களையும், அவர்களுக்குப் பின்னால் தகப்பனுடைய தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு அவர் போனார். பிறகு இதைக் கேட்டபோது எனக்கு ஏனோ கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த அதிகாரிப் பிள்ளை சட்டத்தைப் பார்த்தது, வசீகரன் தன் ஊரைப் பார்த்தான், யாக்கோப்பு தன் ஆட்களைப் பார்த்தார். இந்த மனுசன் ஒருவர்தான் மற்றவர்களைப் பார்த்தார், அவருக்குத்தான் ஒன்றும் இல்லை.

தவக்காலம் வந்தது. கேட்கிறதற்கு ஆளில்லாவிட்டாலும் அவர் இறைச்சி தொடவில்லை. திவசத்துக்கு அழைப்பு வரவில்லை. உயிர்த்த ஞாயிறு அன்று வேப்பமரத்தின் கீழ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார்.

மறுநாள் விடிய யாக்கோப்பு படலையடிக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"மச்சான்," என்றார். "மற்ற நாயள் ஒண்டும் சரியில்லை. மணியனை விடுறியோ?"

குலசிங்கத்தார் எழும்பிப் போய் நாயை அவிழ்த்தார். கம்பும் ஆட்களும் கண்ட நாய் துள்ளிக்கொண்டு படலைக்கு ஓடியது. ஓடினது அங்கே நின்று திரும்பிப் பார்த்தது. இவர் வரவேண்டும் அல்லவா? அது அறிந்த வேட்டை அப்படித்தான்.

"போ," என்றார்.

நாய் நின்றது. யாக்கோப்பு வாயில் விரல் வைத்துச் சீக்காய் அடித்தார். அதற்கும் அசையவில்லை.

"போடா!" என்று இவர் அதட்டினபிறகுதான் போனது.

பலகையடியில் காவலாளி ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, அடையாள அட்டை பார்த்து உள்ளே விட்டாராம். வரம்பில் சரவணைக்காரர் வந்து நின்று யார் யார் போகிறார்கள் என்று பார்த்தார்களாம். நாயை ஒருவரும் மறிக்கவில்லை. அது பிறந்தது சரவணை வரம்பில்தான். அதை யாரும் விசாரிக்கவில்லை.

வளவுக்குள் நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தெற்கே இருந்து சத்தம் வந்தது, வடக்கே இருந்து வந்தது. கிழக்கில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் ஆள் போடாமல் விட்டிருக்கிறார்கள், முயல் எல்லாம் அதனால்தான் போகப்போகிறது என்று அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது. மணியன் குரைக்கிற சத்தம் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பொறுக்கமுடியாமல், மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் நின்று, "ஓ... ஹோய்!" என்று ஒன்று விட்டார். கோழிகள் சிதறி ஓடின. ஆடுகள் தின்கிறதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தன. கொக்குப்பிட்டியில் இருந்து ஒரு மறுகுரலும் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது என்று என்னிடம் சொன்னார். அழுததாகவும் சொன்னார். அதை ஒளிக்கவில்லை.

அன்று பின்னேரம் நான் கத்தரி நாற்று வாங்கப் போயிருந்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்க யாக்கோப்பு வந்தார். பின்னால் மணியன். யாக்கோப்பின் கையில் இரண்டு பை.

"பெரிசா ஒண்டும் படேல்லை மச்சான்," என்றார். "கிழக்குப் பக்கத்தால எல்லாம் போட்டுது." ஒரு பையை நீட்டினார். "இது நாய்ப்பங்கு." மற்றதையும் நீட்டினார். "இது உன்ரது."

குலசிங்கத்தார் முதல் பையை வாங்கினார். மற்றதற்குக் கை நீட்டவில்லை.

"நான் வரேல்லையே."

"வராட்டி என்ன, நாங்கள் குடுக்கிறம்."

"வராதவனுக்குப் பங்கில்லை. உங்கட சட்டம் அதுதானே?"

"எங்கட" என்று சொல்லியிருக்கலாம். வழக்கமாக அப்படித்தான் சொல்லுவார். யாக்கோப்புக்கும் அது பட்டது. பையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"நான் அண்டைக்கு இன்னொருக்கா எழும்பிக் கதைச்சிருக்கலாம்," என்றார்.

"கதைச்சிருந்தால் எல்லாருக்கும் இல்லாமல் போயிருக்கும்."

"ஓம்."

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அதனால் யாருக்கும் ஒரு சுகமும் வரவில்லை. யாக்கோப்பு மற்றப் பையோடு திரும்பிப் போனார். வயசு போனவர் மாதிரி நடந்தார்.

என்னை இருக்கச் சொல்லிவிட்டுக் குலசிங்கத்தார் அடுப்பை மூட்டினார். மனைவியின் சட்டியை எடுத்தார். மிளகுப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதைத் தொடவில்லை. உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு அவித்து இறக்கினார். இது என்ன கறி, ஒரு உறைப்பும் இல்லையே என்று நினைத்தேன். அவர் அதை ஆறவிட்டு, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் அலுமினியக் கோப்பையில் கொட்டி, வாசலில் படுத்திருந்த நாய்க்கு முன்னால் வைத்தார்.

"முழுக்க நாய்க்கோ?" என்று கேட்டேன்.

"அதின்ர பங்குதானே."

தனக்குச் சோறும் சம்பலும் போட்டுக்கொண்டு வந்து நாய்க்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். இரண்டும் சாப்பிட்டன. நான் நாற்றுக்கட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அவர் என்னை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நாயின் முதுகில் ஒட்டியிருந்த ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாக இழுத்து எறிந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்:

"டேய் மணியன், கிழக்கில ஒருத்தரும் நிக்கேல்லையோ? என்ர இடத்தில ஒருத்தரையும் விடேல்லையோ?"

நாய் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் சோற்றில் கை வைத்தபடி, பதில் வருமட்டும் காத்திருந்தார்.